கேட்டீர்கள், பிறகு என்ன செய்தீர்கள்?



'மேலாண்மைக் கல்லூரிச் சேவைகளும் மாணவர் கருத்தும்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு, பேராசிரியர்களுக்கு மாணவர்கள் மார்க் போடுவதைப் பற்றித்தான் இவர் பேசப்போகிறார் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். அதையும் பேசுவேன். ஆனால் அது என் பேச்சின் சிறிய பகுதி. மாணவரிடம் கருத்துக் கேட்கிறோமே, கேட்டபிறகு அவருக்கு என்ன பதில் சொன்னோம்? இதுதான் இன்றைய என் கேள்வி.

எம்.பி.ஏ. மாணவருக்குக் கல்லூரி என்ன தருகிறது? பாடம் தருகிறது என்போம். சரி. பாடம் ஒரு நாளில் நாலைந்து மணி நேரம். மீதி நேரமெல்லாம் அவர் எதை எதிர்கொள்கிறார்? கல்விக்கடனுக்கு வங்கி கேட்கிற போனஃபைட் சான்றிதழை எதிர்கொள்கிறார். நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பதை எதிர்கொள்கிறார். இன்டர்னல் மார்க் எப்போது வரும், கேட்ட விருப்பப்பாடம் கிடைக்குமா, சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கு எந்தக் கம்பெனி வருகிறது, நாளைக்கு இன்டர்வியூ என்று இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஏன் செய்தி வருகிறது, இவற்றையெல்லாம் எதிர்கொள்கிறார். மாணவரைப் பொறுத்தவரை இதுவும் கல்லூரிதான். பாதிக் கல்லூரி இதுதான்.

ஒன்றை மறக்கக்கூடாது. இது இரண்டே ஆண்டுப் படிப்பு. அதிலும் முதல் பருவம் பழகுவதிலும் கடைசிப் பருவம் வேலை தேடுவதிலும் போய்விடுகிறது. இன்று ஒரு மாணவர் சொல்கிற குறையை அடுத்த ஆண்டு சரிசெய்தால், பலன் வேறொருவருக்கு. தனக்குப் பயன்படாத ஒன்றுக்காக அவர் ஏன் மெனக்கெட்டு எழுத வேண்டும்? நம் படிவங்களில் எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' என்று ஒரே நேர்க்கோட்டில் டிக் அடித்துத் தருகிறார்களே, அதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

எப்போது கேட்கிறோம் என்று பாருங்கள். பருவத்தின் கடைசி வாரத்தில் கேட்கிறோம். பந்தியில் இலையை மடித்தபிறகு வாளியோடு வந்து 'ரசம் வேணுமா' என்று கேட்பது போல. சில இடங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் இறங்கும் என்று கம்ப்யூட்டரில் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். எப்படி நிரப்ப வேண்டும்? பதிவெண்ணைப் போட்டு லாகின் செய்து நிரப்ப வேண்டும். உள்ளே போனால் முதல் வரி: 'உங்கள் பெயர் ரகசியமாக வைக்கப்படும்.' எந்த மாணவர் நம்புவார்? நீங்கள் நம்புவீர்களா?

உயர்கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் 'நாக்' அமைப்பு 2017இல் தன் தரமதிப்பீட்டு முறையைத் திருத்தியபோது மாணவர் திருப்திக் கணக்கெடுப்பைச் சேர்த்தது. இருபது கேள்விகளுக்கு 0 முதல் 4 வரை மதிப்பு. இருபத்தொன்றாவது கேள்வியில் மூன்று யோசனைகளை மாணவரே எழுதலாம். கேள்விகள் கல்லூரி வழியாகப் போகாமல் மாணவரின் மின்னஞ்சலுக்கே நேராகப் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேள்விகளைப் படித்துப் பாருங்கள். வகுப்பில் பாடத்திட்டம் எவ்வளவு முடிக்கப்பட்டது என்று தொடங்கி, பெரும்பாலும் கற்பித்தலைச் சுற்றியே போகும். அலுவலக ஜன்னலைப் பற்றி அங்கே எதுவும் இல்லை. தரமதிப்பீட்டுக் குழுவுக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஒரு கல்லூரி தன்னைச் சரிசெய்துகொள்ள அது போதாது.

இப்போது உங்களைக் கொஞ்சம் அமெரிக்காவுக்கு அழைத்துப் போகிறேன். மாணவர் குரல் ஒரு துறையையே உலுக்கிய கதை அங்கே நடந்தது.

1988 நவம்பர். 'பிசினஸ்வீக்' என்ற வார இதழ் அமெரிக்காவின் சிறந்த மேலாண்மைக் கல்லூரிகளின் வரிசைப் பட்டியலை வெளியிட்டது. பட்டியல்கள் அதற்கு முன்னும் இருந்தன. ஆனால் அவை யாரைக் கேட்டுப் போட்ட பட்டியல்கள்? பெரும்பாலும் டீன்களையும் பேராசிரியர்களையும் கேட்டுப் போட்டவை. ஒரு கல்லூரி டீனை இன்னொரு கல்லூரியைப் பற்றிக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? கேள்விப்பட்டதைச் சொல்வார். அங்கே எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளைச் சொல்வார். வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவர் இல்லையே அவர்! ஜான் பைர்ன் என்ற பத்திரிகையாளர் வேறு வழியில் போனார். இருவரைக் கேட்டார். அண்மையில் படித்து முடித்த பட்டதாரிகளைக் கேட்டார். அவர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களைக் கேட்டார். சேவையைப் பெற்றவரும், அதன் விளைவைப் பெற்றவரும்.

முடிவு என்ன தெரியுமா? நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெல்லாக் பள்ளி முதலிடம். ஹார்வர்டு இரண்டாமிடம். ஸ்டான்ஃபோர்டு ஒன்பதாமிடம். பொருளாதாரத்தில் நோபல் பரிசுகளைக் குவித்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளி பதினொன்றாமிடம்!

கெல்லாக் எப்படி மேலே வந்தது? அதன் டீன் டொனால்ட் ஜேக்கப்ஸ் 1975 முதல் அந்தப் பொறுப்பில் இருந்தவர். குழுவாகப் படிப்பதும், பள்ளியின் காரியங்களை மாணவர்களே எடுத்து நடத்துவதும் அங்கே பழக்கமாகியிருந்தன. வெளியே இருந்தவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதுவரை அவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, கீழே தள்ளப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? மனித சுபாவம் இங்கேதான் வெளிப்படுகிறது. எல்ஸ்பாக், கிரேமர் என்ற இரு ஆய்வாளர்கள், அதே இதழின் 1992ஆம் ஆண்டுப் பட்டியல் வந்தபிறகு எட்டுப் பள்ளிகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். என்ன பேசினார்களாம்? இந்த அளவுகோல் எங்களுக்குப் பொருந்தாது. எங்களை ஒப்பிட வேண்டியது இவர்களோடு அல்ல, அவர்களோடு. எங்கள் சிறப்பு வேறொரு இடத்தில் இருக்கிறது. தங்களுக்குச் சாதகமான அளவுகோலைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். இதை நாம் எங்கும் கேட்டதில்லையா? 'பசங்களுக்கு என்ன தெரியும்?' என்ற வசனம் நம் ஸ்டாஃப் ரூம்களில் ஒலித்ததில்லையா?

சிகாகோவில் இன்னொன்றும் நடந்தது. 1989இல் 'லீட்' என்ற பாடத்தை அங்கே தொடங்கினார்கள். தலைமைப் பண்பு, பேச்சுவார்த்தை, குழுவாக வேலை செய்தல், இவற்றையெல்லாம் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் பழகுவதற்கான பாடம். அதை நடத்திக்கொடுப்பவர்கள் இரண்டாமாண்டு மாணவர்கள்! ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற, கொஞ்சம் கறாரான ஒரு பள்ளி, மாணவர்களை நம்பி ஒரு பாடத்தையே ஒப்படைத்தது. பட்டியலைத் திட்டிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவு மேல்!

இதோடு கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இதற்கு மறுபக்கம் உண்டு.

பட்டியல் ஆண்டுக்காண்டு புகழ்பெற்றது. கேள்வித்தாளை நிரப்பும் பட்டதாரிக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. நான் என் பள்ளிக்குக் குறைவாக மதிப்பெண் போட்டால் என் பள்ளி கீழே போகும். என் பள்ளி கீழே போனால் என் பட்டத்தின் மதிப்பும் கீழே போகும். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர் படித்ததே மேலாண்மை! ஆகவே, வெளியே காட்டுவதற்காகக் கேட்கும் கருத்து ஒருவிதம், உள்ளே திருத்திக்கொள்வதற்காகக் கேட்கும் கருத்து இன்னொருவிதம். ஒரே படிவத்தை வைத்து இரண்டையும் செய்ய நினைத்தால் இரண்டும் கெடும்.

இன்னொரு எச்சரிக்கை, பேராசிரியர்கள் காதுக்கு இனிக்கும். 1970இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று பெயர் சூட்டி, கணித விளையாட்டுக் கோட்பாடு பற்றி மருத்துவக் கல்வித் துறையினர் முன்னால் பேசவைத்தார்கள். பேச்சில் சரக்கே கிடையாது. முன்னுக்குப்பின் முரண், புதுப்புதுச் சொற்கள், நடுநடுவே நகைச்சுவை. கேட்டவர்கள் படித்தவர்கள். ஆனாலும் பாராட்டி மதிப்பெண் கொடுத்தார்கள். ஜெர்மனியில் ஒரு மருத்துவப் படிப்பில், சில குழுக்களுக்கு மட்டும் சாக்லேட் பிஸ்கட் வைத்தார்கள். பிஸ்கட் சாப்பிட்டவர்கள் ஆசிரியருக்கும் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள், பாடப்பொருளுக்கும் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். 2018இல் வெளியான ஆய்வு. சிரிக்கிறீர்கள்.

அடுத்தது சிரிக்கக்கூடியதல்ல. நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தின் வணிக, பொருளாதாரப் பள்ளியில் ஏறத்தாழ இருபதாயிரம் மதிப்பீட்டுப் படிவங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரே பாடம், ஒரே பாடப்பொருள், வெவ்வேறு ஆசிரியர்கள். பெண் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் குறைவு. அவர்களிடம் படித்தவர்கள் தேர்வில் குறைந்தார்களா? இல்லை. அதைவிட வியப்பு, எல்லாப் பிரிவுக்கும் பொதுவான பாடநூலுக்குக்கூட, பெண் ஆசிரியர் வகுப்பில் இருந்தவர்கள் குறைத்தே மதிப்பெண் போட்டிருந்தார்கள்! 2018இல் டொரன்டோவில் அப்போது ரையர்சன் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகத்தில் மாணவர் மதிப்பீடு பற்றிய ஒரு வழக்கு நடுவர் முன் போனது. மாணவர் மதிப்பெண்ணை வைத்து ஒருவரின் கற்பிக்கும் திறனை அளந்து பதவி உயர்வை முடிவுசெய்யக் கூடாது என்று நடுவர் தீர்ப்பளித்தார்.

அப்படியானால் மாணவர் சொல்வதைக் கேட்கவே வேண்டாமா? கேட்க வேண்டும். எதைப் பற்றிக் கேட்பது என்பதில்தான் தெளிவு வேண்டும். ஆசிரியரின் அறிவு ஆழமானதா என்று மாணவரிடம் கேட்டால், அதைச் சொல்லும் இடத்தில் அவர் இன்னும் இல்லை. விடைத்தாளை ஆசிரியர் எத்தனை வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார் என்று கேளுங்கள். அதற்கு அவரைவிட நல்ல சாட்சி உலகத்தில் கிடையாது. மார்க் போட்டதற்குக் காரணம் எழுதியிருந்ததா? சான்றிதழுக்கு எத்தனை முறை நடந்தீர்கள்? பிளேஸ்மென்ட் பிரிவுக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வந்ததா? இவற்றில் பிஸ்கட் வேலை செய்யாது. ஆணா பெண்ணா என்பதும் வேலை செய்யாது. மூன்று முறை நடந்தால் மூன்று முறைதான்.

இந்த இடத்தில் நம் ஊரில் படித்துப் போன ஒருவரைச் சொல்ல வேண்டும். பேராசிரியர் பரசுராமன். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் மேலாண்மையும் படித்து அமெரிக்கா சென்றவர். அங்கே வாலெரி ஸைதமல், லெனர்ட் பெரி என்ற இருவரோடு சேர்ந்து 1985இல் சேவைத் தரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1988இல் 'சர்வ்குவால்' என்ற அளவுகோலை வெளியிட்டார்கள். மார்க்கெட்டிங் படிக்கும் மாணவர்கள் தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஐந்து தலைப்பு, இருபத்திரண்டு வாக்கியங்கள். அதை நான் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வாடிக்கையாளர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதை நிர்வாகம் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது, சேவைத் தரம் குறையக் காரணமாக அவர்கள் சொன்ன இடைவெளிகளில் அதுதான் முதலாவது. முதல் இடைவெளியே அதுதான்! ஊழியரின் சோம்பலெல்லாம் பிறகுதான் வருகிறது. இரண்டாவது, வாடிக்கையாளர்களைக் கேட்டபோது எது முக்கியம் என்று சொன்னார்கள்? சொன்னதைச் சொன்னபடி, சொன்ன நேரத்தில் செய்வது. அதுதான் முதலிடம். கட்டடம், அலங்காரம், கண்ணுக்குத் தெரியும் வசதி, இவை கடைசி இடம்.

இப்போது நம் மேலாண்மைக் கல்லூரிகளின் விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி முகப்பு. ஏ.சி. வகுப்பறை. ஸ்மார்ட் போர்டு. உள்ளே போனால், போன பருவத்து மார்க் இன்னும் வரவில்லை. பணத்தைக் கடைசி இடத்தில் கொட்டிவிட்டு முதல் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். இது பணமில்லாத குறையா? விடைத்தாளை நேரத்துக்குத் திருத்தித் தர எந்த நன்கொடையாளர் வர வேண்டும்?

மாணவர் கருத்து உண்மையாகவே ஒரு சேவையை மாற்றிய கதை ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கதை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி. அங்கே முன்பு விருப்பப்பாடங்களுக்கு ஏலம் நடக்கும். ஒவ்வொரு மாணவருக்கும் புள்ளிகள் கொடுப்பார்கள். வேண்டிய பாடத்துக்குப் புள்ளிகளை வைத்து ஏலம் கேட்க வேண்டும், சுற்றுச் சுற்றாக. பார்வைக்கு நியாயமான முறை. ஆனால் நடைமுறையில் என்ன ஆயிற்று? ஏலம் கேட்கும் சாமர்த்தியம் உள்ளவருக்கு நல்ல பாடம், இல்லாதவருக்கு மிச்சம் மீதி. எல்லோரும் கட்டுவது ஒரே கட்டணம். கிடைப்பது ஏற்றத்தாழ்வு.

பள்ளி என்ன செய்தது? 'ஏலம் நியாயமானதுதான், நீங்கள்தான் ஒழுங்காகக் கேட்கவில்லை' என்று சுற்றறிக்கை விட்டிருக்கலாம். எத்தனையோ இடங்களில் அதுதான் நடக்கும். அவர்கள் எரிக் பூடிஷ் என்ற பொருளாதார அறிஞரின் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு ஒரு புதிய முறையைக் கட்டினார்கள். மாணவர் தனக்கு எந்தப் பாடம் எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர் என்ன கேட்பார் என்று ஊகிக்க வேண்டாம், தந்திரம் வேண்டாம். கணினி எல்லோருடைய விருப்பத்தையும் வைத்துப் பங்கிடும். உடனே அதை எல்லோர் தலையிலும் கட்டிவிடவில்லை. முதலில் எம்.பி.ஏ. மாணவர்களையே உட்காரவைத்துச் சோதனை செய்தார்கள். உங்கள் விருப்பத்தை இந்த முறையில் சரியாகச் சொல்ல முடிகிறதா, கிடைத்தது திருப்தியா, நியாயமாகப் படுகிறதா என்று கேட்டார்கள். 2013இல் 'கோர்ஸ் மேட்ச்' என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. வருவதற்கு முன்னும் வந்தபின்னும் கணக்கெடுத்தார்கள். திருப்தி கூடியிருந்தது.

இந்தக் கதையில் நான் கவனிப்பது கணிதத்தை அல்ல. கேட்டார்கள், மாற்றினார்கள், மறுபடியும் கேட்டார்கள். நாம் முதல் படியோடு நின்றுவிடுகிறோம்.

நம் இடத்துக்கு வருவோம். அலுவலக நண்பர்களே, உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. போனஃபைட் சான்றிதழ் தாமதமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் ஜன்னலில் யாரைப் பார்க்கிறார்? உங்களைப் பார்க்கிறார். படிவத்தில் யாருக்கு 1 மார்க் போடுகிறார்? உங்களுக்குப் போடுகிறார். ஆனால் நடந்தது என்ன? விண்ணப்பத்தில் கிளாஸ் இன்சார்ஜ் கையெழுத்து வேண்டும். பிறகு துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும். பிறகு முதல்வர் கையெழுத்து வேண்டும். முதல்வர் இரண்டு நாள் வெளியூர். சான்றிதழை அடித்து வைத்துவிட்டுக் காத்திருக்கிற குமாஸ்தாவின் தலையில் வசவு விழுகிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிற நிர்வாகம் அவருக்கு மெமோ கொடுக்கும். காரணத்தைப் பார்க்கிற நிர்வாகம் மூன்று கையெழுத்தை ஒன்றாகக் குறைக்கும். ஆகவே மாணவர் கருத்தை முதலில் படிக்க வேண்டியவர்கள் அந்த வேலையைச் செய்கிறவர்கள். அவர்களுக்குத்தான் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரியும். அவர்களைத் தண்டிக்கும் காகிதமாக அது மாறினால், அடுத்த முறை அந்தக் காகிதம் வெளியே வராமலே பார்த்துக்கொள்வார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

சரி, எப்போது கேட்பது? ஹார்வர்டு மேலாண்மைப் பள்ளியில் முதலாண்டு மாணவர்களை ஏறத்தாழ 90 பேர் கொண்ட பிரிவுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பிரிவும் தனக்குள் ஒருவரைக் கல்விப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கும். வகுப்பில் எது சரிவரவில்லை என்பதை அவர் பேராசிரியரிடம் போய்ப் பேசுவார், பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே. நமக்கும் கிளாஸ் ரெப் உண்டு. அவர் வேலை என்ன? சாக்பீஸ் வாங்கி வருவது, வருகைப் பதிவேட்டைத் தூக்கிப் போவது. அதே ஆளிடம் ஐந்தாவது வாரத்தில் இரண்டே கேள்வி கொடுத்துப் பாருங்கள். இப்போதே நிறுத்த வேண்டியது எது? இப்போதே தொடங்க வேண்டியது எது? பெயர் எழுதாத துண்டுச் சீட்டு. அறுபது பேர் வகுப்பில் ஐந்து நிமிடம். இதற்கு மென்பொருள் தேவையில்லை.

சீட்டுகளைப் படித்தபிறகு? பதில் வேண்டும். ஒரு வாரத்துக்குள் வேண்டும். நோட்டீஸ் போர்டில் மூன்று வரி போதும். நூலகம் தேர்வு மாதத்தில் இரவு பத்து வரை திறந்திருக்கும், இது முடியும். இன்டர்வியூ தகவல் முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குள் வரும், இதற்குக் கம்பெனிகளிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். வருகைப் பதிவு விதியைத் தளர்த்தச் சொல்கிறீர்கள், இது முடியாது, பல்கலைக்கழக விதி, காரணம் இது. முடியாது என்பதும் பதில்தான். மாணவர்கள் மறுப்பைத் தாங்கிக்கொள்வார்கள். மௌனத்தைத் தாங்கமாட்டார்கள். மாணவர் கேட்டதெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எளிதான வினாத்தாளும் தாராளமான மார்க்கும் கேட்டால் கொடுக்கலாமா? ஆனால் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை கிடையாது.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் சொல்ல வேண்டும். 'பிளேஸ்மென்ட் வேஸ்ட்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 'நிதித் துறை எடுத்த எங்களுக்கு இந்தப் பருவத்தில் வந்த நிறுவனங்கள் எல்லாம் விற்பனை வேலைக்குத்தான் ஆள் எடுத்தன' என்று எழுதுங்கள். அதை ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே வேலை செய்ய முடியும். நாளைக்கு நீங்கள் ஒரு வங்கியிலோ தொழிற்சாலையிலோ மேலாளராக உட்காரும்போது வாடிக்கையாளர் கடிதம் உங்கள் மேஜைக்கு வரும். அது எப்படி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று விரும்புவீர்களோ, அப்படி எழுதுங்கள்.

இந்தச் சொற்பொழிவுக்கும் ஒரு கருத்துப் படிவம் தரப்போவதாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். வெளியே தேநீரும் பிஸ்கட்டும் தயாராக இருக்கின்றனவாம். ஜெர்மனிக்காரர்களின் ஆய்வைக் கேட்டுவிட்டீர்கள்; படிவத்தைப் பிஸ்கட்டுக்கு முன்பே நிரப்பிவிடுங்கள். அமைப்பாளர்களுக்கு ஒரே வேண்டுகோள்: நீங்கள் தொகுக்கும் கருத்துகளை எனக்கும் அனுப்பிவையுங்கள். பதில் எழுதுகிறேன். இனி கேள்விகளுக்கு வரலாம்.